எழுபத்திரண்டு நடை மண்

அந்தப் பை வெச்சிருக்கிற நாற்காலி ஆளு வர்ற எடம்மா. நீ இந்தப் பக்கம் உக்காரு. ஃபேன் காத்தும் இங்கதான் வருது. டோக்கன் எத்தனை உனக்கு? நூத்திப் பதினாலா? நான் நூத்திப் பன்னெண்டு. என்கூட வந்தவ நூத்திப் பதிமூணு. வெளியில ரெண்டு இட்லி தின்னுட்டு வாடின்னு அனுப்பியிருக்கேன். வெறும் வயித்துல மாத்திரை போட்டா அவளுக்குத் தலை சுத்தும். அக்கறையில சொல்லலம்மா. இங்க மயங்கி விழுந்தா நான்ல தூக்கணும்!

இப்பத்தான் எம்பத்தஞ்சு கூப்புடுறாங்க. கலெக்டர் ஆபீசு மனு நாளுன்னா அப்படித்தான், நேரம் கெடக்கு. நீ எதுக்கு வந்திருக்க? வாரிசு சான்றிதழா? அது இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கெடைச்சிரும். என் விஷயம் அப்படி இல்ல. என் நெலத்தை ஆகாயத்துல இருந்து பாத்தே புடுங்கிட்டாங்க. சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். ஒருத்தரும் கால் வெக்கல, சங்கிலி இழுக்கல, கல்லு நடல. மேல இருந்து வெளிச்சத்தை விட்டாங்க, நெலம் போயிருச்சு.

எங்க ஊரு கீழநாணலூரு. கொள்ளிடம் கடல்ல போய்ச் சேருற பக்கம். ஊரே தோசைக்கல்லு மாதிரி தட்டையா கெடக்கும். ஒரு அடி ஒசரம்னா எங்களுக்கு அது மலை. பொண்ணு குடுக்கப் போனாக்கூட மாப்பிள்ளை வீடு மேடா பள்ளமான்னு பாத்துட்டுத்தான் காப்பித் தண்ணியைத் தொடுவோம். அந்த ஊருல வடிகாலை ஒட்டி மேய்ச்சல் புறம்போக்கு ஒண்ணு உண்டு. அதுல ஓரமா அறுபது சென்ட் நம்மளுது. கத்திரி, கொத்தவரை, ஆறு தென்னை, ஒரு மாட்டுக்கொட்டாய்.

புறம்போக்குன்னா கவர்மெண்டு நெலம்தானேன்னு நீ கேப்ப. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. என்கிட்ட இருபத்தாறு வருஷத்து பி மெமோ இருக்கும்மா. பி மெமோ தெரியுமா? புறம்போக்குல பயிர் வெச்சா, இந்த ஆளு இந்த எடத்துல இருக்கான்னு எழுதி வருஷா வருஷம் ஒரு தண்டம் போட்டு காயிதம் குடுப்பாங்க. அதைத் தண்டம்னு நெனைக்கிறவ நான் இல்ல. கவர்மெண்டே எம் பேரை எழுதி, சர்வே நம்பரை எழுதி, சீலும் வெச்சிருக்கு. இதைவிட ஒரு பட்டா வேணுமா? இருபத்தாறையும் இந்தப் பையில, பிளாஸ்டிக் கவருல வெச்சிருக்கேன். ஒண்ணுலகூட மஞ்சக்கறை படல. என் கல்யாணப் பத்திரிகைய நான் இப்படி வெச்சிக்கல.

ஒரு வருஷம் வி.ஏ.ஓ. மெமோ குடுக்க மறந்துட்டாரு. நான் ஆபீசுக்குப் போயி ஒரு நாள் முழுக்க உக்காந்து, எனக்குத் தண்டம் போடுங்க சார்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். அப்படி நேர்மையா வெச்சிருந்த நெலம்.

சரி, கதை அந்த நெலத்துல ஆரம்பிக்கல. பட்டம்மா கிட்ட ஆரம்பிக்குது. பட்டம்மா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரு மூத்தவரு, அவ வீட்டுக்காரரு இளையவரு. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு சுவரு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவ ஆடு ரெண்டு வந்து என் கத்திரியை மொட்டையடிச்சிருச்சு. நான் நாலு வார்த்தை கேட்டேன். நாலுதான். ‘இது ஊரு மேய்ச்சல் தரைதானே, ஆடு மேயாம ஆட்டோவா மேயும்?’னா அவ. நான், ‘இது என் நெலம்டி, இனிமே நீயும் கால் வெக்கக்கூடாது, உன் ஆடும் கால் வெக்கக்கூடாது’ன்னேன். ஒடனே என்ன பண்ணுனா தெரியுமா? மாரியம்மன் கோயில் வாசலுக்கு விடுவிடுன்னு போனா. சூடத்தைக் கொளுத்தினா. ‘உன் நெலத்துல இனி நான் கால் வெச்சா எம் புள்ள மணவாளன் எனக்கு இல்ல’ன்னு சூடத்தை அணைச்சா.

புள்ள மேல போடுற சத்தியமா அது? ஊரே நின்னு பாத்துச்சு. அன்னையிலருந்து பேச்சு இல்ல. எங்க கொழுந்தனாரு செத்தப்பவும் போனேன். மாரடிச்சு அழுதேன். சோறாக்கிப் போட்டேன். ஆனா பேசல. அவளும் பேசல. புள்ள சிங்கப்பூருக்குப் போயிட்டான். கப்பல் கட்டுற எடத்துல வேலை. பத்து மாடி ஒசரத்துல சாரத்துல நின்னு இரும்பைப் பத்த வைப்பானாம். இவ தனியா கெடக்குறா. சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவா. எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை போடுறான்னு எனக்கு அத்துப்படி. கேட்டுக்கிட்டா இருக்கேன்? சுவரு மெல்லிசு.

தொண்ணூறா கூப்புட்டாங்க? இல்ல, எம்பத்தொம்பது.

போன வருஷம் சித்திரையில கிராம சபை வெச்சாங்க. வி.ஏ.ஓ. குமரகுருன்னு ஒரு தம்பி, நல்ல புள்ளதான், எந்திரிச்சு சொல்லுச்சு: லைடாருன்னு ஒரு அளவு வருது, டிரோன் மேல பறந்துக்கிட்டே லேசர் வெளிச்சத்தைத் தரைக்கு விடும், அது தரையில பட்டுத் திரும்புற நேரத்தை வெச்சு எந்த எடம் எத்தனை ஒசரம்னு சொல்லிரும், ரெண்டு வெரக்கடை மேடு பள்ளம்கூடத் தப்பாது. அதை வெச்சு ஊருல இருக்கிற கவர்மெண்டு நெலத்தை எல்லாம் பிரிக்கப் போறாங்களாம். தண்ணி எங்க நிக்கும், எங்க ஓடும்னு பாத்து, பள்ளமா இருக்கிற புறம்போக்கை இன்னும் வெட்டி ஆழமாக்கித் தண்ணி தேக்குவாங்களாம்.

மத்தவங்க எல்லாம் சுண்டல் எப்ப தருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும் சுருக்குன்னுச்சு. என் அறுபது சென்ட் பள்ளம்மா! வடிகாலை ஒட்டுன எடம், முட்டி ஆழம் தண்ணி நிக்கும் மழையில. அப்ப வெட்டிருவாங்க. பள்ளமா இருந்தாத்தானே வெட்டுவ? மேடாக்கிட்டா? டிரோன் வர இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு.

மண்ணு வேணும். வடிகால் கரையில எடுக்கலாம்னான் டிராக்டர்க்காரன். நான் விடுவேனா? அது கவர்மெண்டு மண்ணு. கவர்மெண்டு சொத்துல கை வெக்கிற குடும்பம் இல்ல எங்களுது. என் வீட்டுக் கொல்லை இருக்கு, பட்டா நெலம், எங்க மாமனாரு பேருல இருந்து மாறி வந்தது. அதை வெட்டுடான்னேன். எழுபத்திரண்டு நடை மண்ணு. எண்ணிக்கிட்டே நின்னேன். கொல்லையில ஒரு ஆளு நின்னா தலை தெரியாது, அத்தனை ஆழம். அந்தப் பக்கம் புறம்போக்குல அஞ்சடி ஒசந்து நிக்குது என் நெலத்தோட நடு எடம்.

எங்க வீட்டுக்காரரு குழியைப் பாத்தாரு. மேட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. வாயைத் தொறந்தாரு. கொட்டாவி விட்டுட்டுப் போயிட்டாரு. அவரு அப்படித்தான். அவரு வாய் தொறக்குறது கொட்டாவிக்கும் சோத்துக்கும்தான்.

பட்டம்மா என்கிட்ட பேச மாட்டாள்ல, அவ ஆட்டுகிட்டப் பேசுனா, எனக்குக் கேக்குற மாதிரி. ‘பாத்தியா குட்டி, சொந்த வீட்டைத் தோண்டி ஊரான் நெலத்துல மலை கட்டுறாங்க. முருகன்தான் பாக்கி, வேலோட வந்து நின்னுக்குவாரு.’ ஆடு ‘மே’ன்னுச்சு. அதுக்கும் வாய்க்கொழுப்பு.

அப்பறம் வந்தா அந்த டிரோன் விடுற பொண்ணு. ஷைனின்னு பேரு. மார்த்தாண்டத்துப் பக்கமாம். தொப்பி, பூட்ஸு, மூஞ்சி எல்லாம் வெயில்ல கறுத்துப் போயி. மொத நாளு ரோட்டுல அங்கங்க வெள்ளையில பெருக்கல் குறி போட்டுக்கிட்டு வந்தா. பட்டம்மா வீட்டு வாசல்ல ஒண்ணு போட்டா. இடிக்கப் போற வீட்டுக்குத்தானே பெருக்கல் குறி போடுவாங்க? நான் அன்னைக்குப் பாயசம் வெச்சேன். பொழுது சாய என் மாட்டுக்கொட்டாய் கிட்டயும் ஒண்ணு போட்டா. அப்பறம் கேட்டா, அது மேல இருந்து அளக்கிறதுக்கு அடையாளமாம், இடிக்கிறதுக்கு இல்லையாம். பாயசம் வீணா போச்சு.

மேட்டுல புது மண்ணு தெரியக் கூடாதுன்னு வாழைச் சருகும் தென்னை மட்டையுமா மூடி வெச்சிருந்தேன். ஷைனி பாத்துட்டு சிரிச்சா. ‘அம்மா, எல மட்ட எல்லாம் ஒண்ணும் மறைக்காது, கேட்டியளா. வெளிச்சம் இடுக்குல பூந்து தரையைத் தொட்டுட்டுத்தான் வரும். மரத்தையும் வீட்டையும் நாங்க கம்ப்யூட்டர்ல எடுத்துப் போட்டுட்டு வெறும் தரையத்தான் பாப்போம்’னா. இங்க எப்படித் திடீர்னு மேடுன்னும் கேட்டா. பழைய படத்துல பள்ளமா இருந்துச்சாம். பூமி வளந்திருக்கும்னேன். அதையும் அவ எழுதிக்கிட்டா.

டிரோன் பறந்துச்சு. தேனீ மாதிரி ‘ர்ர்ர்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் மேட்டு மேல நின்னேன். என் ஒசரமும் சேந்து வரட்டுமேன்னு.

ஆவணியில ஊராட்சி ஆபீசுல படத்தைப் போட்டுக் காமிச்சாங்க. செவுத்துல ஒரு வெள்ளை வேட்டி கட்டி. பள்ளமெல்லாம் நீலம், மேடெல்லாம் செகப்பு. வீடு இல்ல, மரம் இல்ல, கோயில் இல்ல. எங்க ஊரும்மா, துணி உரிச்ச மாதிரி கெடக்கு. நான் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டேன். அந்த வெறுந்தரையில ஒரு எடம் மட்டும் குங்குமத்தை அள்ளிக் கொட்டுன மாதிரி செக்கச்செவேல்னு. என் நெலம்! ஊருலயே ஒசத்தி! எனக்குப் பெருமைன்னா பெருமை, திரும்பி நாலு பக்கமும் பாத்தேன்.

இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு. எங்க வீடும் பட்டம்மா வீடும் இருந்த எடத்துல ஒரே ஒரு திடல்தான் தெரியுது, முட்டை மாதிரி நீளவாக்குல. நடுவுல சுவரு இல்ல. சுவரைத்தான் அவங்க எடுத்துப் போட்டுட்டாங்களே. அந்தத் திடல்ல எங்க பக்கத்து ஓரத்துல கடிச்சு எடுத்த மாதிரி நீலமா ஒரு பொட்டு. ஷைனி கேட்டா, ‘இந்த ரெண்டும் ஒரே குடும்பமா?’ன்னு. நான் படத்தைப் பாத்தேன், பட்டம்மா தரையைப் பாத்தா. எங்க வீட்டுக்காரரு, அந்த மனுஷன், வருஷத்துல ஒரு நாளு பேசுறவரு, எந்திரிச்சு நின்னு ‘ஒரே குடும்பந்தான்’னாரு. ஒக்காந்துட்டாரு.

அப்பறம்தான் குண்டைப் போட்டாங்க. வெள்ளத்துல ஊரு சனமும் மாடு கண்ணும் ஏறி நிக்க கவர்மெண்டு நெலத்துல மேடான எடம் தேடிக்கிட்டு இருந்தாங்களாம். சுத்துப்பட்டு பதினாலு ஊருல எங்கயும் கெடைக்கலையாம். கீழநாணலூருல கெடைச்சிருச்சாம். பெரிய கட்டடமா கட்டப் போறாங்களாம், அந்தச் செகப்புப் பொட்டு மேல. சனம் கை தட்டுச்சு. பட்டம்மா எல்லாரும் நிறுத்துன பொறவும் தட்டுனா.

நோட்டீசு வந்துச்சு. நான் விடல. இருபத்தாறு மெமோவையும் எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். பள்ளமா இருந்த எடத்தை மேடாக்குனது யாரு? என் மண்ணு, என் பட்டா மண்ணு! அதை வாரிக் குடுத்துட்டு நெலத்தை எடுத்துக்கங்கன்னேன். அங்க இருந்த கிளார்க்கு, அம்மா அப்ப கீழ இருக்கிறது கவர்மெண்டு நெலம், மேல இருக்கிறது உங்க நெலமான்னு கேட்டான். சின்னப் பசங்களுக்கு எல்லாமே கிண்டல். விசாரணையைத் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சாங்க. ஊருல நாலு பேரு ‘இது தையநாயகி நெலம்தான்’னு சாட்சி சொன்னா யோசிக்கலாம்னு யாரோ சொன்னாங்க. தையநாயகி நான்தான். எங்க ஊருல எனக்குச் சாட்சி சொல்ல நாலு பேரா? நானே நாக்கைக் கட்டி வெச்சிருந்தா கெடைச்சிருப்பாங்க.

தொண்ணூத்தெட்டு. பரவாயில்ல, வேகமாத்தான் போகுது. அவளைக் காணோமே இன்னும். ரெண்டு இட்லிக்கு இத்தனை நேரமா?

கார்த்திகையில வெள்ளம் வந்துச்சு. காலையில எட்டு மணி இருக்கும். வடிகால் கரை உடைஞ்சு போச்சு. தண்ணி வந்து மொதல்ல எங்க கொல்லைக் குழியில தொபுதொபுன்னு எறங்குச்சு. குழி ரொம்பி, பக்கத்துல அரிச்சு, பட்டம்மா வீட்டு அடுப்படிச் சுவரு சாஞ்சு போச்சு. என் குழிதான் காரணம்னு சில பேரு சொல்றாங்க. தண்ணிக்கு என்ன, என் குழியைத் தேடி வந்து அவ சுவரை இடிக்கணும்னு வேண்டுதலா? மண்சுவரு, வயசாச்சு, விழுந்துச்சு. நான் அதைப் பத்தி நெனைக்கிறதே இல்ல. தெனம் யாராவது கேட்டா இதைத்தான் சொல்றேன்.

ஊரே மேட்டுக்கு ஓடியாந்துச்சு. என் மேட்டுக்கு! மாடு, கண்ணு, மிக்சி, கிரைண்டரு, புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு. நான் மேல நின்னு ஒவ்வொருத்தரையா கை குடுத்துத் தூக்கிவிட்டேன். மனுசிதானேம்மா நானும். ஆனா தூக்கறப்பவே கேட்டேன், ‘யாரு நெலத்துல ஏறுற?’ன்னு. ‘உங்க நெலம்தான் பெரியம்மா’ம்பாங்க. ‘சத்தமா சொல்லு.’ ‘தையநாயகி நெலம்!’ அப்பத்தான் கையை இழுப்பேன். நாலு சாட்சி கேட்டாங்கள்ல? அன்னைக்கு எனக்கு அறுபது சாட்சி. வி.ஏ.ஓ. தம்பி ஆபீஸ் நோட்டையெல்லாம் சாக்குல கட்டித் தலையில வெச்சுக்கிட்டு வந்துச்சு. அதைக்கூடக் கேட்டேன். ‘அம்மா, நான் கவர்மெண்டு ஊழியர்ம்மா’ன்னுச்சு. சரி போன்னு சும்மா தூக்கிவிட்டேன்.

எல்லாரும் ஏறிட்டாங்க. பட்டம்மா மட்டும் கீழ நிக்கிறா.

மேட்டு அடியில, தண்ணிக்குள்ள. ஆட்டுக்குட்டிய ரெண்டு கையிலயும் புடிச்சு மேல குடுத்துட்டா, குட்டி ஏறிருச்சு. அவ ஏறல. மொழங்கால் தண்ணி. ஏறு பட்டம்மா, ஏறுன்னு எல்லாரும் கத்துறாங்க. ‘அவ நெலத்துல கால் வெக்க மாட்டேன்னு எம் புள்ள மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அவன் சாரத்துல நிக்கிறவன்’னு சொல்லிட்டு அப்படியே நிக்கிறா. என்னைப் பாத்துகூடச் சொல்லல. தண்ணி தொடைக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு எறங்கிப் போயி கையைப் புடிச்சு இழுத்தாரு. உதறிட்டா. தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. அவ ஒல்லி. ஒரு இழுப்பு வந்தா போயிருவா.

நான் என்னம்மா பண்ணுவேன்? அறுபது சாட்சி, எதிர்ல வி.ஏ.ஓ. எல்லாம் கண்ணுல தெரியுது. தெரிஞ்சே கத்துனேன். ‘ஏ பட்டம்மா! இது என் நெலம் இல்லடி! கவர்மெண்டு நெலம்! புறம்போக்கு! இருபத்தாறு வருஷமாப் புறம்போக்கு! ஏறித் தொலைடி!’

பட்டம்மா நிமுந்து என்னைப் பாத்தா. பதினோரு வருஷத்துல மொத தடவை. ‘நெசமா?’ன்னா. ‘நெசம்டி’ன்னேன். கையை நீட்டுனா. இழுத்துப் போட்டேன். மேல வந்து பொடவையைப் புழிஞ்சுக்கிட்டே, ‘இதை முட்டி அளவு தண்ணியிலயே சொல்லியிருந்தா நான் நனைஞ்சிருக்க மாட்டேன்ல’ன்னா. அடிச்சிருக்கணும் நான். கட்டிப் புடிச்சுக்கிட்டேன். குளிருக்கு.

வி.ஏ.ஓ. தம்பியைப் பாத்தேன். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. நான் கேட்டேன், ‘தம்பி, அவசரத்துல சொன்னது செல்லாதுல்ல?’ ‘எனக்குக் காதுல தண்ணி பூந்திருச்சும்மா’ன்னுச்சு. நல்ல புள்ளதான்னு சொன்னேன்ல?

அப்ப முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். மூணு நாளையில தண்ணி வடிஞ்சுச்சு. சுவரு போனதால பட்டம்மா எங்க வீட்டுலதான் படுக்கிறா. நானும் விசாரணைக்கு சாட்சி பேரெல்லாம் எழுதி வெச்சேன். அப்பத்தான் சிங்கப்பூருல இருந்து போன் வந்துச்சு. மணவாளனுக்குச் சாரத்துல கால் வழுக்கிருச்சாம். இடுப்புல கட்டுன பெல்ட்டுதான் காப்பாத்துச்சாம். ஒண்ணும் ஆகல, சிராய்ப்புதான். அவனே சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். இவ போனைக் கீழ வெச்சா. அப்படியே என் பக்கத்துல வந்து உக்காந்தா. ‘அக்கா, அது உன் நெலமா, கவர்மெண்டு நெலமா? என்னை ஏத்தறதுக்காகப் பொய் சொன்னியா? நான் சத்தியம் உடைச்சிட்டேனாக்கா?’ன்னு கேட்டா.

அக்கான்னு அவ கூப்புட்டு பதினோரு வருஷம். கவர்மெண்டு நெலம்தான்டின்னேன். அவ நம்பல. என் வாயைப் பத்தி அவளுக்குத் தெரியும். ‘நீ சாட்சி எழுதிக்கிட்டு இருக்கியே அக்கா’ன்னா. அன்னையிலருந்து சரியாத் தூங்கல, சரியாத் திங்கல. புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் போடுறா. வெள்ளம் பாக்க வந்த ஷைனி படத்தைக் கொண்டாந்து காமிச்சு, சர்வே நம்பரு காமிச்சு, அரசு நெலம்தான்னு சொல்லிப் பாத்தா. ‘மிஷினு சொன்னா அம்மனுக்குத் தெரியுமா?’ன்னுட்டா. கெட்டியான கட்டை. கலெக்டரு சீல் வெச்ச காயிதம்னாத்தான் நம்புவா.

சாட்சிப் பேரு எழுதுன காயிதத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். அவளுக்காக இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தப்ப இருமல் மட்டுந்தான் கேட்டுச்சு. இப்ப பக்கத்துல படுத்துக்கிட்டு வெசனப்படுறா. நான் தூங்க வேணாமா?

அதான் கெளம்பி வந்தேன். இந்த நெலம் என்னைக்குமே தையநாயகி நெலம் இல்ல, மொதல் நாள்லருந்து கவர்மெண்டு நெலம்தான்னு கலெக்டரே எழுதி, சீல் வெச்சு, பட்டம்மா கையில குடுக்கணும். அதான் மனு. ஆதாரம் கேப்பாங்கள்ல? இந்தா, இருபத்தாறு மெமோ. ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கு பாரு, ‘ஆக்கிரமிப்பு’ன்னு. இத்தனை வருஷமா சீலை மட்டுந்தான் பாத்தேன். நேத்துத்தான் கண்ணாடி போட்டு மேல இருக்கிற எழுத்தைப் படிச்சேன். எத்தனை சுத்தமா வெச்சிருக்கேன் பாத்தியா? இதைவிட ஆதாரம் வேணுமா?

கீழ ஒரு வரி சேத்திருக்கேன். வடிகால் தூர் வாருற மண்ணுல எழுபத்திரண்டு நடை எங்க கொல்லைக்குக் குடுக்கணும்னு. குழி சும்மா கெடக்குதேன்னுதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல.

அதோ வர்றா பாரு, பச்சைப் பொடவை. கையில பொட்டலம் வேற. எனக்கு வடை வாங்கியிருப்பா, எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, வேணும்னே வாங்கிட்டு வருவா. நான் சொன்னது எதையும் காட்டிக்காதம்மா. முக்கியமா அந்தக் குளிரு விஷயம்.

நூத்திப் பன்னெண்டா? வந்துட்டேன், வந்துட்டேன்! ஏ பட்டம்மா, வெரசா வா, படி இருக்கு, பாத்து.

என்னதும்மா? யாரு மேல புகாருன்னா கேக்குற? அதை ஏன் கேக்குற போ. வெளியில வேப்பமரத்தடியில மனு எழுதுறவரு இருக்காருல்ல, அவரும் அதைத்தான் கேட்டாரு. ‘ஆக்கிரமிப்பு செஞ்சது யாரு, பேரு, வீட்டுக்காரர் பேரோட சொல்லுங்க’ன்னாரு. எங்க வீட்டுக்காரரு பேரை நான் வாயால சொல்ல மாட்டேன், அதனால ரேஷன் கார்டைக் காட்டினேன். பாத்து எழுதிக்கிட்டாரு. ‘சரி, புகார் குடுக்குறது யாரு?’ன்னாரு.

அதே கார்டைத் திரும்பவும் காட்டினேன்.